இரண்டு ட்ரோன்கள், ஒரு முழங்கால்

சின்னவனின் ஷூ இன்னும் கிடைத்தபாடில்லை. போன வாரம் அவன் அதைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் நுழைந்து, தூசியும் தும்மலுமாக வெளியே வந்தான். ஆரஞ்சு நிறக் கயிறு கோத்த புது ஷூ. வீட்டில் எல்லாரையும் சந்தேகப்பட்டு முடித்தாகிவிட்டது, அவன் அம்மாவைத் தவிர. முழங்கால் வலியோடு, சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உருண்டுகொண்டிருக்கும் அம்மாவுக்கு ஓட்டப்பந்தய ஷூ எதற்கு?

ஆனால் இன்றைக்கு ஷூவைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை. சாப்பாட்டு மேஜையில் இரண்டு ட்ரோன்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. அவற்றின் மேல் ஒரு பருக்கை விழக்கூடாது என்பதற்காக மனிதர்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட வேண்டியதாயிற்று.

கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் குடும்பம் அது. முன்பக்கம் ஸ்டுடியோ, பின்பக்கம் வீடு, மாடியில் இரண்டு அறைகள், அதற்கும் மேலே மொட்டை மாடி. ஸ்டுடியோவின் ஷட்டர் ஏறியிருக்கும் நேரத்தில் உறவுமுறை கிடையாது என்பது குடும்பத் தலைவர் போட்ட சட்டம். பெற்ற பிள்ளைகளே ஆனாலும் அவரை 'முதலாளி' என்றுதான் கூப்பிட வேண்டும். ஷட்டர் இறங்கிய பிறகுதான் அவர் அப்பா.

இதுவரை ட்ரோனை வாடகைக்கு எடுத்துத்தான் சமாளித்தார்கள். சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று முதலாளி இப்போதுதான் மனம் இறங்கியிருந்தார். ஒன்றே ஒன்று. பிள்ளைகளோ இரண்டு பேர். வம்புக்கு வேறென்ன வேண்டும்?

பெரியவன் கறுப்புக் கட்சி. சின்னவன் வெள்ளைக் கட்சி. இரண்டும் ஒன்றையொன்று முந்தத் துடிக்கும் போட்டிக் கம்பெனிகளின் சரக்கு. ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று இரண்டு கடைக்காரர்களும் ஒரு நாளைக்குக் கொடுத்திருந்தார்கள். ராத்திரி கடை அடைப்பதற்குள் திரும்பப் போய்விட வேண்டும். கம்பெனிப் பெயர்களை வீட்டுக்குள் உச்சரிக்கக்கூடாது என்று முதலாளி தடை போட்டிருந்தார். ஓசியில் விளம்பரம் செய்ய நமக்கென்ன தலையெழுத்து என்பது அவர் கேள்வி.

கறுப்பில் இரண்டு லென்ஸ் இருக்கிறது, தூரத்தில் இருப்பதை மடியில் கொண்டுவந்து போடும், காற்றடித்தாலும் அசையாது என்று பெரியவன் கேட்பாரிடமும் கேளாதாரிடமும் சொல்லி வந்தான். வெள்ளை எடை குறைவு, சத்தம் குறைவு, எதிரே கிளை வந்தால் தானாக நின்றுவிடும், ஆளைக் காட்டிவிட்டால் பின்னாலேயே போகும் என்று சின்னவன் பதில் பாட்டுப் பாடினான்.

"பின்னாலேயே போறதுக்கு ட்ரோன் எதுக்குடா? ஒரு நாய்க்குட்டி வாங்கினா போதுமே" என்றான் பெரியவன்.

உள்விவகாரம் வேறு. யாருடைய ட்ரோன் ஜெயிக்கிறதோ, அவன்தான் அதை ஓட்டுவான். மற்றவன் வழக்கம்போல் விளக்கைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் இடிபட வேண்டும். அதனால் இரண்டு பேரும் ஒற்றைக் காலில் நின்றார்கள்.

தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு பெரியவனின் மனைவியிடம் வந்து சேர்ந்தது. ஸ்டுடியோவில் எடுக்கும் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டுவது அவள்தான். தெருவே அவளை எடிட்டரம்மா என்றுதான் கூப்பிடும். கணவன் என்பதற்காகச் சலுகை காட்டமாட்டாள் என்று சின்னவனே ஒத்துக்கொண்டான். போன வருடம் பெரியவன் எடுத்து வந்த ஒரு கல்யாணத்தில் பாதியை ஃபோகஸ் இல்லையென்று தூக்கிக் குப்பையில் போட்டவள் அவள்.

எடிட்டரம்மாவுக்கோ அன்றைக்கு ட்ரோன் மேல் மனமே இல்லை. காட்டு விலங்குகளைப் பற்றிப் படம் எடுக்கும் ஒரு நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. ரயிலில் ஒரு ராத்திரி தூரம். ஆறு மாதம் அங்கேயே தங்க வேண்டும். மாப்பிள்ளைகள் சிரிப்பதையே வெட்டி வெட்டிச் சலித்துப்போன கைக்கு, சிறுத்தை கொட்டாவி விடுவதை வெட்டும் வேலை. அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தபோது அவள் சமையலறையில் இருந்தாள். அதனால் மாமியார் ஒருவருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"தாராளமா போயிட்டு வாம்மா" என்றுதான் மாமியார் சொன்னார். மறுநாள் காலையில் அவருக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. மாடிப்படியை ஏறெடுத்துப் பார்க்கவே முடியவில்லை என்றார். எடிட்டரம்மா கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டிருந்த சக்கர நாற்காலி சமையலறைக்கு இறங்கிப் போனது. மாமியார் அதில் உட்கார்ந்தபடி அடுப்புக்கும் குழாய்க்கும் நடுவே உருண்டு வேலை பார்த்தார். மேலே எடிட்டரம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படம் வெட்டினாள்.

கணவனிடம் அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் 'போ' என்பான். போ என்று வாய் சொல்லும், முகம் ஒரு வாரத்துக்குத் தொங்கும். போகப் போவதில்லை என்று ஆனபிறகு அதை எதற்குச் சொல்ல வேண்டும்? 'குடும்பச் சூழ்நிலை காரணமாக இயலவில்லை' என்று எழுதிக் கைப்பேசியில் வைத்திருந்தாள். அனுப்பத்தான் கை வரவில்லை. நாளைக் காலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அன்று காலையில் மாமியாரை எதிர்வீட்டுத் தையற்காரி தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாள். கடைத்தெருவில் வங்கிக் கட்டடத்தின் முதல் மாடியில் பிசியோதெரபி, லிஃப்ட் உண்டு. தினமும் உள்ள வழக்கம்தான். போகும்போது மாமியார் சின்னவனின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசற்படி இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு 'அம்மா'.

மற்றவர்கள் தெருக்கோடித் திடலுக்குப் போனார்கள். சோதனை நியாயமாக நடக்க வேண்டும் என்று எடிட்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். இரண்டும் ஒரே உயரத்தில் அருகருகே நிற்க வேண்டும், ஒரே திசையைப் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தால் எது எப்படி என்று தெரிந்துவிடும்.

இரண்டு கேமராவை ஒன்றாகப் பொருத்துவதற்கு அந்த ஸ்டுடியோவில் ஒரே வழிதான். படம் ஓட ஆரம்பித்ததும் முதலாளி எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று ஓங்கி ஒரு கைதட்டல் போடுவார். கைகள் சேரும் இடத்தில் இரண்டு படத்தையும் நிறுத்தி ஒட்டிக்கொள்ள வேண்டியது. ட்ரோனுக்குக் காது கிடையாது, சத்தம் பதியாது என்று சின்னவன் எடுத்துச் சொன்னான். தன் கைதட்டல் இல்லாமல் இந்த ஸ்டுடியோவில் எந்தக் கேமராவும் ஓடியதில்லை என்றார் முதலாளி. கண்ணுக்குத் தெரிந்தால் போதும், தட்டட்டும் என்று எடிட்டரம்மா விட்டுவிட்டாள்.

கறுப்பு திடலின் மண்ணிலிருந்து எழும்பியது. அடித்த புழுதியில் பெரியவனுக்கு இரண்டு நிமிடம் கண்ணே தெரியவில்லை. சின்னவன் தன் புத்திசாலித்தனத்தைக் காட்ட, வெள்ளையை ஸ்டுடியோ வேனின் கூரை மேல் வைத்துக் கிளப்பினான். பார்த்தீர்களா, ஒரு தூசி இல்லை என்று எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டான்.

மேலே போனதும் கறுப்பு சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. வெள்ளை காற்றுக்குக் கொஞ்சம் ஆடியது. ஒரு காகம் வந்து இரண்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு, வெள்ளையைத்தான் கொத்தப் போனது. வெள்ளை தானாகப் பின்வாங்கி வழி விட்டது. கறுப்பாக இருந்திருந்தால் இந்நேரம் சண்டை நடந்திருக்கும் என்று சின்னவன் குதித்தான்.

அந்தச் சமயத்தில்தான் திடலுக்கு எதிரே கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் தன் காரை நிறுத்த இடமில்லாமல் ஹாரன் அடித்தார். முதலாளி மரியாதை தெரிந்தவர். வேனை எடுத்து அந்தப் பக்கம் நிறுத்தினார். பேட்டரி இறங்கியதும் வெள்ளை புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பி வந்தது. அதுதான் அதன் பெருமை. புறப்பட்ட இடத்தில் இப்போது வேன் இல்லை, பல் டாக்டரின் புது கார் நின்றது. வெள்ளை அதன் கூரையில் பதவிசாக இறங்கியது. கீறல் சின்னதுதான் என்று சின்னவன் சொல்லிக்கொண்டே இருந்தான். டாக்டர் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களின் வாயைத் திறந்தே பழகியவர்.

மதியத்துக்குள் எடிட்டரம்மா இரண்டு படத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். இனி முதலாளியின் கைதட்டலைக் கண்டுபிடித்து இரண்டையும் பொருத்த வேண்டியதுதான் பாக்கி. திடல் தெரிந்தது, வேன் தெரிந்தது, ஓரத்தில் பெரியவனின் வழுக்கைகூடத் தெரிந்தது. முதலாளியை மட்டும் காணவில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. வெயில் தாங்காமல் மனிதர் மர நிழலுக்கு ஒதுங்கியிருந்தார். ஆகாயத்திலிருந்து பார்க்கும் கேமராவுக்காக, அடர்ந்த மரத்துக்கு அடியில் நின்று, கை வலிக்க வலிக்கக் கடமையைச் செய்திருக்கிறார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். படத்தில் வேறு ஏதாவது அசைவு கிடைத்தால் அதை வைத்துப் பொருத்திக்கொள்ளலாம் என்று மூலை மூலையாகத் தேடினாள். மேலே வலது ஓரத்தில், திடலுக்கு அப்பால், வங்கிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏதோ அசைந்தது. பெரிதாக்கினாள்.

கைகள் தலைக்கு மேலே போய்ச் சேர்ந்தன. பிரிந்தன. மறுபடி சேர்ந்தன. பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக நின்று, காலை அகட்டிக் குதித்துக் குதித்துக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். உடற்பயிற்சி வகுப்பு. முதலாளி கொடுக்காத கைதட்டலை இவர்கள் கொடுத்துவிட்டார்களே என்று எடிட்டரம்மா மகிழ்ந்து போனாள். அதை வைத்து வெள்ளையையும் கறுப்பையும் பொருத்தினாள். வெள்ளையில் அவர்கள் குதிக்கும் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். கறுப்பில் பெரியவன் அந்தப் பக்கம் இரண்டாவது லென்ஸைத் திருப்பியிருந்தான். வெயிலில் கையிலிருந்த சின்னத் திரையில் அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

கறுப்பில் முகம் தெரிந்தது.

முதல் வரிசையில், நடுவில், எல்லாரையும்விட உயரமாகக் குதித்துக்கொண்டிருந்தது அவள் மாமியார். பக்கத்தில் தையற்காரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிட்டாள். மாமியார் நிற்கவில்லை. வாயெல்லாம் சிரிப்பு. காலில் ஆரஞ்சு நிறக் கயிறு கோத்த ஷூ.

எடிட்டரம்மா பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். இடுப்பு சுருக்கென்றது. அதோடு கோபமும் வந்தது. மாடிக்கும் கீழுக்குமாகத் தூக்கிச் சுமந்த துணி மூட்டைகள் எத்தனை? மொட்டை மாடிக் கொடியில் காயப் போட்டு எடுத்தது எத்தனை? எல்லாவற்றையும்விட, கைப்பேசியில் எழுதி வைத்திருக்கும் அந்த இரண்டு வரி. அந்தக் குடும்பச் சூழ்நிலை இங்கே ஷூ போட்டுக்கொண்டு குதிக்கிறது.

அவள் கீழே இறங்கிப் போனாள். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். முதலாளியும் பிள்ளைகளும் பல் டாக்டரைச் சமாதானப்படுத்தப் போயிருந்தார்கள். எடிட்டரம்மா கைப்பேசியில் ஏற்றி வந்த படத்தை நீட்டினாள்.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முதலில் முகம் வெளுத்தது. பிறகு, பாவம், தன்னையே கொஞ்சம் ரசித்தார்.

"இது எந்த ட்ரோன்?" என்று கேட்டார்.

"கறுப்பு."

"அப்ப வெள்ளையையே வாங்கச் சொல்லு."

எடிட்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். சிரித்துவிட்டால் கோபப்பட முடியாது. கால் எப்போது சரியாயிற்று என்று கேட்டாள். மாமியார் கத்தியைக் கீழே வைத்தார். வலி பொய் கிடையாது என்றார். போன வருடம் நிஜமாகவே நடக்க முடியவில்லை. பிசியோதெரபிக்காரர்தான் மேலே வகுப்பு நடக்கிறது, சேருங்கள் என்று அனுப்பினார். முதலில் கையை மட்டும் ஆட்டினார். ஒரு நாள் குதித்துப் பார்த்தார், வலிக்கவில்லை. அவர் காலுக்குச் சின்னவனின் ஷூ மட்டும்தான் கச்சிதமாக இருந்தது. வந்ததும், யாரும் பார்க்காத நேரமாக, அதை வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவிடுவார். மாடிப்பக்கம் போகாதவர் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

"அதை வீட்ல சொல்லியிருக்கலாமே அத்தை. எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பாங்க."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னிக்குத்தான் உனக்கு போன் வந்துச்சு."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மாமியார் நாற்காலியை உருட்டிப் போய் அதை இறுக்கி மூடிவிட்டு, அங்கிருந்தே திரும்பாமல் சொன்னார்.

"கால் சரியாயிடுச்சுன்னா நீ போயிடுவ. இவங்க மூணு பேர் நடுவுல நான் யார்கிட்ட பேசுவேன்? லென்ஸ்கிட்டயா?"

எடிட்டரம்மாவின் கோபம் எங்கே போயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் வாய்விட்டுப் பேசியதும் இந்த அம்மாளிடம்தான். அதை அந்த நிமிடத்தில் சொல்லத் தோன்றவில்லை. இதை யாருக்கும் காட்டமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்கு ஏறிவிட்டாள்.

சாயங்காலம் ஸ்டுடியோவின் ஷட்டர் கொஞ்சம் முன்னதாகவே இறங்கியது. பெரிய டிவிக்கு எதிரே எல்லாரும் உட்கார்ந்தார்கள். மாமியார் சக்கர நாற்காலியில் உருண்டு வந்து ஓரமாக நின்றார்.

அன்றைக்கு அவருக்கு ட்ரோன் ஞானம் பொங்கி வழிந்தது. வெள்ளை எவ்வளவு எடை குறைவு என்றார். சத்தம்கூட இல்லையாமே என்றார். கறுப்பு எதற்கு, துக்க வீடு மாதிரி என்றார். அம்மா தன் கட்சிக்கு வந்துவிட்டார் என்று சின்னவனுக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவன் பரிதாபமாகப் பார்த்தான். டிவி ரிமோட்டில் எந்தப் பொத்தான் எதற்கென்று இன்றுவரை தெரியாத அம்மா, பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று பேசினால் யாருக்குத்தான் ஆச்சரியமாக இருக்காது?

எடிட்டரம்மா படத்தை ஓட்டினாள். இடது பக்கம் கறுப்பு, வலது பக்கம் வெள்ளை. திடல், வேன், மரம், காகம். வங்கிக் கட்டடம் வருவதற்கு முன்பே வெட்டிவிட்டிருந்தாள். தூரத்தில் ஒன்றுமே இல்லாத படத்தில் இரண்டு ட்ரோனும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரித்தான் இருந்தன. காகம் வரும் இடத்தில் வெள்ளைதான் ஒரு படி மேல்.

"என்னம்மா சொல்ற?" என்று மாமனார் கேட்டார்.

"ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான் மாமா" என்றாள்.

பெரியவன் நாற்காலி நுனிக்கு வந்தான். தூரத்துப் படம் ஒன்று எடுத்தேனே, இரண்டாவது லென்ஸில், அது வரவில்லையா என்று கேட்டான். அது சரியாக விழவில்லை என்று சொன்னாள். அவன் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தான்.

"நீ பார்த்துட்டியா?"

"ம்."

"அப்ப சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டான். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் எடுத்து வந்த கல்யாணத்தில் பாதியை அவள் குப்பையில் போட்ட அன்றும் அவன் இதையேதான் சொன்னான். அவள் வாழ்க்கையில் எத்தனையோ வெட்டியிருக்கிறாள், பொய்யாக ஒன்றையும் வெட்டியதில்லை. இன்று வெட்டிவிட்டாள். டிவி வெளிச்சத்தில் அவளுக்கு உடம்பு கூசியது.

சின்னவன் கறுப்பைப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினான். அண்ணனுக்கு விளக்குத் தூக்கும் முறையெல்லாம் சொல்லித் தருவதாக ஆறுதல் வேறு. மாமனார் கடைக்காரருக்குப் போன் போடக் கையை நீட்டினார்.

"நில்லுங்க" என்றார் மாமியார்.

எல்லாரும் திரும்பினார்கள். அவர் பெரியவனைப் பார்த்தார், பிறகு மருமகளைப் பார்த்தார். இரண்டு முகமும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இவ எனக்காகப் பொய் சொல்றா. கறுப்புதான் நல்லா எடுத்திருக்கு. அந்த மாடியைப் போடும்மா."

"அத்தை, வேணாம்."

"போடு."

எடிட்டரம்மா போட்டாள். வலது பக்கம் புள்ளிகள் குதித்தன. இடது பக்கம் குடும்பத் தலைவி குதித்தார். பெரிய டிவி வேறு. வியர்வை தெரிந்தது, சிரிப்பு தெரிந்தது, தலைக்கு மேலே போய்ச் சேரும் கைகளில் வளையல்கூடத் தெரிந்தது.

முதலில் வாயைத் திறந்தவன் சின்னவன்.

"அது என் ஷூ."

அம்மா ஓடியாடுகிறார் என்பதைவிட அதுதான் அவனுக்கு முதலில் பட்டது. பெரியவன், தன் லென்ஸ் ஜெயித்ததற்குச் சந்தோஷப்படுவதா, அம்மா ஏமாற்றியதற்கு வருத்தப்படுவதா என்று புரியாமல் எழுந்து நின்றான். எழுந்து என்ன செய்வது என்று தெரியாததால் மறுபடி உட்கார்ந்தான்.

மாமனார் மட்டும் திரும்பப் போடச் சொன்னார். போட்டாள். இன்னொரு தடவை என்றார். மூன்றாவது முறை முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். ஊரில் உள்ள பெண்கள் சிரிப்பதையெல்லாம் தேடித் தேடி எடுத்த மனிதர். வீட்டில் இருப்பவள் இப்படிச் சிரிப்பாள் என்பது இன்று ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில்தான் தெரிந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நல்லா இருக்க" என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஷட்டர் இறங்கியதையும் மறந்து முதலாளியானார். "வெள்ளையே வாங்குவோம்."

பெரியவன் துள்ளி எழுந்தான். கறுப்புதான் நல்லது என்று நிரூபித்தாகிவிட்டதே என்றான்.

"அதனாலதான்டா வேணாங்கறேன். கல்யாண வீட்டுக்கு இவ்வளவு தெளிவு ஆகாது. பின்வாசல்ல எந்தச் சம்பந்தி யாரோட முறைச்சுக்கிட்டு நிக்கிறார்னு எல்லாம் விழுந்தா, அடுத்த கல்யாணத்துக்கு நம்மளை எவன் கூப்பிடுவான்?"

அதற்குப் பதில் சொல்ல எந்தக் கம்பெனியாலும் முடியாது. சின்னவன் ஜெயித்துவிட்டான், ஆனால் கொண்டாடத் தோன்றவில்லை. ஓட்டுவதை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாமா என்று அண்ணனிடம் முணுமுணுத்தான். முதலில் என் ஷூவைக் கொடுங்கள் என்று அம்மாவிடம் கேட்டான்.

மாமியார் நாற்காலியின் கைப்பிடியைப் பிடிக்காமல் எழுந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. சின்னவன் பழக்கதோஷத்தில் தோளைக் கொடுக்க ஓடினான், அவர் அவனை விலக்கிவிட்டு மாடிப்படியில் ஏறினார். 'அம்மா' என்று ஒரு முனகல் இல்லை. கீழே எல்லாரும் அண்ணாந்து அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாடி அறைகளைத் தாண்டி மொட்டை மாடிக்கும் போயிற்று, நடுவில் எங்கும் நிற்கவில்லை.

மற்றவர்களுக்கு அது அதிசயமாக இருந்தது. எடிட்டரம்மாவுக்குப் பயமாக இருந்தது. அந்த முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது மாமியார் மட்டும்தானா? புது ஊரில், தெரியாத ஆட்களுக்கு நடுவே உட்கார்ந்து சிறுத்தையை வெட்டத் தனக்குக் கை வருமா என்ற பயத்தையெல்லாம் அவளும் அந்த முழங்காலுக்குப் பின்னால்தான் ஒளித்து வைத்திருந்தாள். இப்போது அது படியேறிப் போய்விட்டது. இனி எதைச் சொல்லி மறுப்பது?

மாமியார் இறங்கி வந்து ஷூவைச் சின்னவன் மடியில் போட்டார். பிறகு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து மருமகளுக்கு முன்னால் நிறுத்தினார்.

"உன் நாற்காலி" என்றார். குதிக்கும்போது வலிக்காதவருக்கு இதுதான் வலித்தது. "நாளைக் காலைக்குள்ள பதில் சொல்லணும்ல? சரின்னே எழுதிடு. நான் மேலயும் கீழயும் நல்லா ஏறி இறங்குவேன்."

எடிட்டரம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிவியில் அந்த மாடி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, கைகள் சத்தமில்லாமல் சேர்ந்தன.

பெரியவன் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினான். நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தான்.

"யாருக்குப் பதில் சொல்லணும்?" என்று கேட்டான்.